ராபர்ட் பேர்டின் வாக்குப் பதிவு: ஒரு செனட்டரின் மாற்றமும் மாறாமையும்

1964 ஜூன் 9 அன்று மாலை அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் பேச எழுந்த மேற்கு வர்ஜீனியா உறுப்பினர் ராபர்ட் பேர்ட், மறுநாள் காலை பேச்சை முடித்தபோது 14 மணி 13 நிமிடங்கள் கடந்திருந்தன. உணவகம், விடுதி, வேலைவாய்ப்பு ஆகியவற்றில் கறுப்பின மக்களுக்கு எதிரான பாகுபாட்டைத் தடை செய்யும் சிவில் உரிமை மசோதா வாக்கெடுப்புக்கே வராமல் தடுப்பதுதான் அந்தப் பேச்சின் நோக்கம். அவர் அமர்ந்த சிறிது நேரத்தில், விவாதத்தை முடித்துக்கொள்ளும் தீர்மானத்தை செனட் 71–29 என்ற கணக்கில் நிறைவேற்றியது. முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 2002 அக்டோபர் 10 அன்று, இராக் மீது போர் தொடுக்க அதிபருக்கு அதிகாரம் அளிக்கும் தீர்மானத்தைத் தாமதப்படுத்த அதே பேர்ட் அதே அவையில் போராடினார். அன்றும் விவாத முடிப்புத் தீர்மானம் 75–25 என்ற கணக்கில் அவரைத் தோற்கடித்தது.

இந்த இரண்டு தோல்விகளையும் ஒரே மனிதருடைய பதிவில் அருகருகே வைத்துப் படிப்பதற்காகவே இந்த ஆய்வு எழுதப்படுகிறது. பேர்ட் 1953 முதல் 1959 வரை கீழவையான பிரதிநிதிகள் சபையிலும், 1959 முதல் 2010-ல் இறக்கும் வரை செனட்டிலும் இருந்தவர். செனட்டில் மட்டும் அவர் அளித்த வாக்குகள் 18,689. இவ்வளவு நீண்ட பதிவை ஒற்றை மதிப்பெண்ணாகச் சுருக்குவது அமெரிக்காவில் வழக்கமான ஒன்று. தொழிற்சங்கங்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் சிவில் உரிமை அமைப்புகளும் தமக்கு முக்கியமான வாக்கெடுப்புகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வோர் உறுப்பினருக்கும் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் இடுகின்றன. பேர்டைப் பொறுத்தவரை அந்த எண்கள் அவருடைய பிற்கால நிலைப்பாடுகளைக் காட்டுமே தவிர, அவரைக் காட்டமாட்டா. இன உரிமை குறித்து அவர் பெரிதும் மாறினார் என்பதும், சட்டமன்றத்தின் விவாத உரிமையும் நிதி அதிகாரமும் குறித்து அவர் ஏறத்தாழ மாறவே இல்லை என்பதும், அந்த மாறாத நம்பிக்கையே 1964-ல் அநீதிக்கும் 2002-ல் நியாயத்துக்கும் கருவியாயிற்று என்பதும் என் வாதம்.

நம் நாட்டு வாசகருக்கு ஒரு விளக்கம் இங்கே தேவை. 1985-ல் 52-வது அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்ததிலிருந்து, கொறடாவின் உத்தரவை மீறி வாக்களிக்கும் இந்திய நாடாளுமன்ற உறுப்பினர் தம் பதவியையே இழக்க நேரிடலாம். பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறுகின்றன. ஆகவே இங்கே ஒருவருடைய வாக்கைப் படித்தால் அவருடைய கட்சியின் முடிவு தெரியுமே அன்றி, அவருடைய மனம் தெரியாது. அமெரிக்க செனட்டில் கட்சிக் கட்டுப்பாடு உண்டு என்றாலும், அதை மீறியதற்காகப் பதவி பறிபோவதில்லை. பெயர் அழைத்துப் பதியப்படும் ஒவ்வொரு வாக்குக்கும் அந்தத் தனி மனிதரே பொறுப்பு. பேர்டின் பதிவைக் கடுமையாக விசாரிக்க முடிவது இதனால்தான்.

தொடக்கமும் கறையும்

பேர்ட் 1917-ல் வட கரோலினாவில் பிறந்தார். ஒரு வயது நிறைவதற்குள், 1918-ல் பரவிய இன்ஃப்ளுயன்சா கொள்ளைநோயில் தாயை இழந்து, மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கக் குடியிருப்புகளில் அத்தை, மாமாவின் வளர்ப்பு மகனாக வளர்ந்தார். பெட்ரோல் நிலையத்திலும் இறைச்சிக் கடையிலும் வேலை பார்த்தவர். போர்க்காலத்தில் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்தவர். செனட்டராகப் பணியாற்றிக்கொண்டே மாலை வகுப்புகளில் சட்டம் பயின்று 1963-ல் பட்டம் பெற்றார். வறுமையிலிருந்து சுயமுயற்சியால் மேலே வந்த ஒருவருடைய கதையாக இது பலமுறை சொல்லப்பட்டிருக்கிறது. அதில் பொய்யும் இல்லை.

ஆனால் 1940-களின் தொடக்கத்தில் அவர் தம் ஊர்ப் பகுதியில் கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் கிளையை ஆள் சேர்த்து உருவாக்கி, அதற்குத் தலைமையும் ஏற்றவர். 1952-ல் பிரதிநிதிகள் சபைக்குப் போட்டியிட்டபோது இது வெளியே வந்தது. தாம் சிறிது காலமே அதில் இருந்ததாகவும், பிறகு ஆர்வம் இழந்து விலகிவிட்டதாகவும் அப்போது அவர் விளக்கினார். அதே தேர்தல் காலத்திலேயே, 1946-ல் அந்த அமைப்பின் தேசியத் தலைவருக்கு அவர் எழுதிய கடிதம் ஒன்று வெளியாயிற்று. அமைப்புக்கு முன்னெப்போதையும் விட இப்போதுதான் தேவை இருக்கிறது என்று அதில் அவர் எழுதியிருந்தார். விலகிவிட்டதாகச் சொன்ன ஆண்டுகளுக்குப் பிந்தைய கடிதம் அது. பொது அறிக்கையும் ஆவணமும் முரண்பட்டால் ஆவணத்தையே நம்ப வேண்டும் என்ற விதியை, பேர்டின் பதிவைப் படிக்கத் தொடங்கும் இடத்திலேயே நாம் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆய்வு செய்வோர் கவனிக்க வேண்டிய இன்னொரு சிறு செய்தியும் உண்டு. அதே காலத்தில் வர்ஜீனியாவிலிருந்து ஹாரி பேர்ட் என்ற செனட்டரும், அவருக்குப் பின் அதே பெயருடைய அவருடைய மகனும் அவையில் இருந்தனர். பழைய வாக்குப் பட்டியல்களில் மாநிலத்தின் பெயரைப் பார்க்காமல் ‘பேர்ட்’ என்பதை மட்டும் பார்த்தால் மூவருடைய பதிவுகளும் ஒன்றாகக் கலந்துவிடும்.

1964: எந்தச் சாக்கும் பொருந்தாத வாக்கு

சிவில் உரிமைச் சட்டத்தை எதிர்த்த தென் மாநில உறுப்பினர்களுக்கு ஒரு வழக்கமான பதில் இருந்தது. தம் தொகுதி மக்கள் அதைத்தான் கேட்டார்கள், வேறு விதமாக வாக்களித்தால் அடுத்த தேர்தலில் தாம் அவைக்குத் திரும்பியிருக்க முடியாது என்பதே அது. பேர்டுக்கு இந்தப் பதில் பொருந்தாது. மேற்கு வர்ஜீனியா, உள்நாட்டுப் போரின்போது அடிமை முறையைக் காக்கப் பிரிந்த தென் மாநிலங்களோடு போக மறுத்து, வர்ஜீனியாவிலிருந்து பிரிந்து 1863-ல் தனி மாநிலமானது. அதன் மற்றொரு செனட்டரான ஜென்னிங்ஸ் ராண்டால்ஃப் பேர்டைப் போலவே ஜனநாயகக் கட்சிக்காரர். அவர் மசோதாவை ஆதரித்து வாக்களித்தார். 1964 ஜூன் 19 அன்று செனட் 73–27 என்ற கணக்கில் மசோதாவை நிறைவேற்றியபோது, தென் மாநிலங்களுக்கு வெளியே இருந்த ஜனநாயகக் கட்சி செனட்டர்களில் எதிர்த்து வாக்களித்தவர் பேர்ட் ஒருவர் மட்டுமே. ஒரே மாநிலம், ஒரே கட்சி, ஒரே வாக்காளர்கள். இரண்டு செனட்டர்கள், இரண்டு வாக்குகள். இதைவிடத் தெளிவான ஒப்பீட்டை ஒரு வாக்குப் பதிவு ஆய்வாளர் கேட்க முடியாது.

தனியார் சொத்தின் மீதும் மாநிலங்களின் அதிகாரத்தின் மீதும் மத்திய அரசு வரம்பு மீறுகிறது என்பதே தம் எதிர்ப்பின் அடிப்படை என்று பேர்ட் கூறினார். அரசியலமைப்பை ஆழ்ந்து படித்தவர் என்பதால் அந்த வாதத்தை அவர் நேர்மையாக நம்பியிருக்கக்கூடும். முந்தைய பதிவும் ஓரளவு அவருக்குத் துணை நிற்கிறது: 1957, 1960 ஆண்டுகளின் சிவில் உரிமைச் சட்டங்களையும், வாக்களிப்பதற்கு விதிக்கப்பட்ட தேர்தல் வரியை ஒழிக்கும் 24-வது அரசியலமைப்புத் திருத்தத்தையும் அவர் ஆதரித்திருந்தார். ஆனால் 14 மணி நேரப் பேச்சு முழுவதும் சட்ட வாதமாக இருக்கவில்லை. இனங்களைப் பிரித்து வைப்பதற்கு விவிலியத்தின் லேவியராகமத்திலிருந்து மேற்கோள் தேடும் இடம் அதில் வருகிறது. வெவ்வேறு வகைக் கால்நடைகளைக் கலக்கலாகாது என்ற வசனத்தை மனிதருக்குப் பொருத்திப் பேசுகிறார். மாநில உரிமை மட்டுமே அவருடைய கவலையாக இருந்திருந்தால் அந்த வசனத்துக்கு அங்கே வேலை இல்லை.

அந்த வாக்கெடுப்பு நாளில் நடந்த இன்னொன்றையும் இங்கே பதிவு செய்வது கடமை. மூளைக் கட்டியால் பேச்சிழந்திருந்த கலிஃபோர்னியா செனட்டர் கிளேர் எங்கிள் சக்கர நாற்காலியில் அவைக்குக் கொண்டுவரப்பட்டார். பெயர் அழைக்கப்பட்டபோது வாய் திறக்க முடியாமல் தம் கண்ணைத் தொட்டுக் காட்டி, ஆதரவு வாக்கைத் தெரிவித்தார். சில வாரங்களில் அவர் இறந்துபோனார். சிவில் உரிமை மசோதா ஒன்றின் மீதான முட்டுக்கட்டைப் பேச்சை, அதாவது பிலிபஸ்டரை, விவாத முடிப்புத் தீர்மானத்தால் செனட் முறியடித்தது அதுவே முதல் முறை.

1965-ல் வாக்குரிமைச் சட்டத்தையும் பேர்ட் எதிர்த்தார். 1967-ல் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியாக தர்குட் மார்ஷல் 69–11 என்ற கணக்கில் ஏற்கப்பட்டபோது, அந்தப் பதினொருவரில் பேர்டும் ஒருவர். 1968 மார்ச் இறுதியில், மெம்ஃபிஸ் நகரத் துப்புரவுத் தொழிலாளர் போராட்டத்தில் மார்ட்டின் லூதர் கிங் நடத்திய பேரணியில் வன்முறை மூண்டதும், அவரைத் தன்னலத்துக்காக மக்களைத் தூண்டிவிடுபவர் என்று அவையில் பேர்ட் சாடினார். ஒரு வாரத்துக்குள் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த ஆண்டின் வீட்டுவசதிப் பாகுபாட்டுக்கு எதிரான சிவில் உரிமைச் சட்டத்தை பேர்ட் ஆதரித்து வாக்களித்தார் என்பதும் பதிவில் இருக்கிறது. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டி அவரைப் பற்றி எதையும் நிறுவ முடியாது.

வாக்குப் பட்டியலில் அறவே தென்படாத ஒரு பகுதியும் உண்டு. 1960-களில் தலைநகர் வாஷிங்டனுக்கான நிதி ஒதுக்கீட்டுத் துணைக்குழுவின் தலைவராக பேர்ட் இருந்தார். அந்நகர மக்களுக்கு அப்போது தமக்கென ஒரு மாநகர அரசைத் தேர்ந்தெடுக்கும் உரிமைகூட இல்லை; அவர்களில் பெரும்பான்மையோர் கறுப்பினத்தவர். அரசின் நலநிதி பெறும் ஏழைத் தாய்மார்களின் வீடுகளில் ஆண் எவரேனும் இருக்கிறாரா என்று சோதித்து, இருந்தால் உதவியை நிறுத்தும் கடுமையான விசாரணைகளுக்கு அவரே அழுத்தம் தந்தார். எந்த வாக்கெடுப்பும் இன்றி, ஒரு குழுத் தலைவரின் அதிகாரத்தால் மட்டுமே, பல குடும்பங்களின் அன்றாடச் சோறு பறிக்கப்பட்டது. சட்டமன்ற உறுப்பினரை மதிப்பிட வாக்குப் பட்டியல் போதாது என்பதற்கு எனக்குத் தெரிந்த வலுவான சான்று இதுதான்.

மாற்றம் எப்போது வந்தது?

1971-ல் எட்வர்ட் கென்னடியைத் தோற்கடித்து பேர்ட் ஜனநாயகக் கட்சியின் செனட் கொறடாவானார். 1977 முதல் 1981 வரையிலும், மீண்டும் 1987 முதல் 1989 வரையிலும் பெரும்பான்மைக் கட்சித் தலைவராக இருந்தார். கட்சி சிவில் உரிமையின் பக்கம் முழுமையாகச் சாய்ந்துவிட்ட காலம் அது. கிங்கின் பிறந்தநாளைத் தேசிய விடுமுறையாக்கும் மசோதாவுக்கு 1983-ல் அவர் ஆதரவாக வாக்களித்தார். அது 78–22 என்று நிறைவேறியது. 1991-ல் கிளாரன்ஸ் தாமஸை உச்ச நீதிமன்றத்துக்கு நியமிக்கும் வாக்கெடுப்பில், பாலியல் தொல்லைப் புகார் கூறிய அனிதா ஹில் என்ற கறுப்பினப் பேராசிரியையின் சாட்சியத்தைத் தாம் நம்புவதாக அவையில் விரிவாகப் பேசி, எதிர்த்து வாக்களித்தார். 2006-ல் வாக்குரிமைச் சட்டத்தின் நீட்டிப்பு செனட்டில் 98–0 என்று நிறைவேறியபோது ஆதரித்தவர்களில் அவரும் இருந்தார்.

1964-ஆம் ஆண்டு வாக்குக்காகத் தாம் வருந்துவதாகப் பிற்காலத்தில் அவர் பலமுறை கூறினார். 1982-ல் பதின்வயதுப் பேரன் ஒருவர் சாலை விபத்தில் இறந்த துயரத்தில் மூழ்கியிருந்தபோது, தாம் தம் பிள்ளைகளை நேசிப்பதைப் போலவே கறுப்பினப் பெற்றோரும் நேசிக்கிறார்கள் என்பதை உணர்ந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அந்த உணர்வை நான் ஐயப்படவில்லை. ஆயினும் அதை உணர ஒரு மனிதருக்கு அறுபத்து நான்கு வயது ஆகவேண்டியிருந்தது என்பதும், அதற்கு முந்தைய ஆண்டுகளில் சட்டம் இயற்றும் இடத்தில் அவர் அமர்ந்திருந்தார் என்பதும் அந்த வாக்குமூலத்தை வாசிக்கும்போது கனமாகவே விழுகின்றன. 2001-ல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் இழிவான இனச் சொல்லைப் பயன்படுத்தி அதற்காக மன்னிப்புக் கேட்கவும் நேர்ந்தது. மாற்றம் உண்மையானது, முழுமையானது என்று சொல்லமாட்டேன்.

காலவரிசையைப் பார்த்தால், வாக்குகள் முதலில் மாறின, வருத்தம் பிறகு வந்தது. தலைமைப் பதவிக்கான ஆசையால் மாறினார் என்பவர்களும், மனசாட்சியால் மாறினார் என்பவர்களும் ஆளுக்கொரு பாதியைச் சொல்கிறார்கள் என்றே கருதுகிறேன். தலைமைப் பதவியிலிருந்து விலகிய பின்னும், வாக்கு வங்கி எதையும் எதிர்பார்க்கத் தேவையில்லாத தொண்ணூறு வயதிலும் அவர் அதே வருத்தத்தைத் திரும்பச் சொன்னார் என்பதால், ஆசை மட்டுமே காரணம் என்ற விளக்கம் கடைசி இருபது ஆண்டுகளுக்குப் போதவில்லை. அவர் இறந்தபோது, கறுப்பின மக்களின் பழம்பெரும் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி. இரங்கல் தெரிவித்தது.

அவையின் மீதான பற்று

பேர்டின் பதிவில் தொடக்கம் முதல் இறுதி வரை தொடரும் இழை வேறு. அதிபர் என்பவர் அரசர் அல்லர், நிதி அதிகாரமும் போர் அதிகாரமும் சட்டமன்றத்துக்கு உரியவை, அவற்றைக் காப்பது நீண்ட விவாதத்துக்கான செனட்டின் உரிமையே என்ற நம்பிக்கை அது. அரசியலமைப்பின் சிறு பிரதியைச் சட்டைப் பையில் எப்போதும் வைத்திருந்தவர் அவர்.

1993-ல், நிதி மசோதாவில் தமக்குப் பிடிக்காத தனித்தனி ஒதுக்கீடுகளை அதிபர் நீக்குவதற்கான அதிகாரத்தை எதிர்த்து, பண்டைய ரோமானிய செனட்டின் வரலாற்றை எடுத்துக்கொண்டு 14 தொடர் உரைகள் நிகழ்த்தினார். நிதி அதிகாரத்தைக் கைவிட்டபோதே ரோமானிய செனட் வீழ்ந்தது என்பது அவற்றின் சாரம். 1996-ல் அந்தச் சட்டம் 69–31 என்று நிறைவேறியது. தம் கட்சியின் அதிபரான கிளின்டன் கையெழுத்திட்ட சட்டத்தை எதிர்த்து அவரும் வேறு சில உறுப்பினர்களும் நீதிமன்றம் சென்றனர். வழக்குத் தொடரும் தகுதி உறுப்பினர்களுக்கு இல்லை என்று 1997-ல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அடுத்த ஆண்டு, நேரடியாகப் பாதிக்கப்பட்டோர் தொடர்ந்த வழக்கில் அதே நீதிமன்றம் 6–3 என்ற பெரும்பான்மையில் அச்சட்டத்தை அரசியலமைப்புக்கு முரணானது என்று அறிவித்தது.

இதைத் தூய கொள்கைப் பற்று என்று எழுதிவிட்டு நகர முடியாது. நிதி ஒதுக்கீட்டுக் குழுவின் தலைவராக இருந்து, எஃப்.பி.ஐ.யின் கைரேகைப் பிரிவு உட்பட எத்தனையோ அரசு நிறுவனங்களை வறிய தம் மாநிலத்துக்குக் கொண்டுசென்றவர் அவர். சாலைகளும் பாலங்களும் கிரீன் பேங்க் வானொலித் தொலைநோக்கியும் அங்கே அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. அதிபர் நீக்கக்கூடிய ஒதுக்கீடுகளில் அவருடையவை முன்வரிசையில் இருந்திருக்கும்.

விவாத உரிமை குறித்தும் அவர் சிறுபான்மையில் இருந்தபோது பேசியதும் பெரும்பான்மைத் தலைவராக இருந்தபோது செய்ததும் முற்றிலும் ஒன்றல்ல. 1977-ல் இயற்கை எரிவாயு விலைக் கட்டுப்பாட்டுக்காகத் தம் கட்சியின் இரு செனட்டர்கள் நூற்றுக்கணக்கான திருத்தங்களைக் கொண்டு முட்டுக்கட்டை போட்டபோது, அவைத் தலைமையிடத்தில் இருந்த துணை அதிபர் மாண்டேலின் ஒத்துழைப்போடு அத்திருத்தங்களை ஒவ்வொன்றாகச் செல்லாதவை ஆக்கினார். 1988 பிப்ரவரியில் தேர்தல் நிதி மசோதாவுக்கான போராட்டத்தில், அவையைப் புறக்கணித்த உறுப்பினர்களைப் பிடித்துவரச் செய்தார். ஆரிகன் செனட்டர் பாப் பேக்வுட் அவைக் காவலர்களால் தூக்கி வரப்பட்டார். விதியை வளைக்கத் தெரிந்தவர் அவர். விதியை ஒழிக்க மட்டும் ஒருபோதும் சம்மதிக்கவில்லை.

அந்த மறுப்புக்கு அவரும் விலை கொடுத்தார். வரவு செலவு தொடர்பான மசோதாக்களை, விவாதத்தை முடிக்கத் தேவையான 60 வாக்குகள் இன்றி, சாதாரணப் பெரும்பான்மையில் நிறைவேற்ற அனுமதிக்கும் சிறப்பு வழிமுறை 1974 முதல் இருந்தது. நிதிக்குத் தொடர்பில்லாத கொள்கைகளை அதற்குள் நுழைப்பதைத் தடுக்க 1985-ல் அவர் கொண்டுவந்த விதி, இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. 1993-ல் கிளின்டன் நிர்வாகம் தன் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை அந்த வழியில் நிறைவேற்ற அவரிடம் வேண்டியபோது, நாட்டின் பொருளாதாரத்தில் அவ்வளவு பெரிய பகுதியைத் தொடும் சட்டம் முழு விவாதம் இன்றி நிறைவேறக்கூடாது என்று மறுத்துவிட்டார். 1994-ல் அத்திட்டம் வாக்கெடுப்புக்கே வராமல் மடிந்தது.

போர் அதிகாரம்

1964 ஆகஸ்ட் 7 அன்று, சிவில் உரிமைச் சட்டத்தை எதிர்த்த சில வாரங்களிலேயே, வியட்நாமில் படை பயன்படுத்த அதிபர் ஜான்சனுக்குக் கட்டற்ற அதிகாரம் தந்த டாங்கின் வளைகுடாத் தீர்மானத்துக்கு பேர்ட் ஆதரவாக வாக்களித்தார். செனட்டில் அது 88–2 என்று நிறைவேறியது; எதிர்த்தவர்கள் வெய்ன் மோர்ஸ், எர்னஸ்ட் குரூனிங் ஆகிய இருவர் மட்டுமே. தாக்குதல் பற்றி அரசு அளித்த தகவலின் ஒரு பகுதி நம்பத்தகாதது என்று பின்னர் தெரியவந்தது. அந்தப் போரில் 58,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினரும், அதைப்போலப் பல மடங்கு வியட்நாம் மக்களும் இறந்தனர்.

பேர்டின் பிற்கால வாக்குகளில் இந்த வாக்கின் நிழல் படிந்திருப்பதை 1991 முதலே காணலாம். குவைத்திலிருந்து இராக்கை வெளியேற்றும் போருக்கான தீர்மானம் 52–47 என்று நிறைவேறியபோது அவர் எதிர்த்தார். ஆனால் 2001 செப்டம்பர் 14 அன்று, இரட்டைக் கோபுரத் தாக்குதலின் மூன்றாம் நாள், படை பயன்பாட்டுக்கான தீர்மானத்தை 98–0 என்று செனட் நிறைவேற்றியபோது அவரும் ஆதரித்தார். அடுத்த மாதம் தேசப்பற்றுச் சட்டம் என்று பெயரிடப்பட்ட கண்காணிப்புச் சட்டத்தை ரஸ் ஃபைன்கோல்ட் ஒருவர் மட்டுமே எதிர்த்தார். பேர்ட் ஆதரித்தவர்களில் இருந்தார். முழு விவாதம் வேண்டும் என்று வாழ்நாள் முழுதும் வாதாடியவர், அவசரமாக வந்த அந்தச் சட்டத்துக்குத் தலையசைத்தது அவருடைய பதிவிலேயே பெரிய உள்முரண் என்பது என் கருத்து. 2006-ல் அதன் நீட்டிப்பு 89–10 என்று நிறைவேறியபோது எதிர்த்த பத்துப் பேரில் அவர் இருந்தார்.

2002 அக்டோபரில் இராக் தீர்மானம் வந்தபோது அவருக்கு 84 வயது. நாடாளுமன்றத் தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தன. அவருடைய கட்சித் தலைவர்களே தீர்மானத்தை ஆதரித்தார்கள். அவர் டாங்கின் வளைகுடா வாக்கைத் தாமே எடுத்துக்காட்டி, தாம் செய்த அதே தவறை அவை மீண்டும் செய்யக்கூடாது என்று மன்றாடினார். அதிபருக்குத் தரும் அதிகாரத்துக்குக் காலவரம்பு விதிக்க அவர் கொண்டுவந்த திருத்தம் 31–66 என்று தோற்றது. அக்டோபர் 11 அதிகாலையில் தீர்மானம் 77–23 என்று நிறைவேறியது.

வாக்கெடுப்பில் தோற்ற பிறகும் அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. 2003 பிப்ரவரி 12 அன்று, போர் வாசலில் நிற்கும்போது இந்த அவை அச்சமூட்டும் அளவுக்கு மௌனமாக இருக்கிறது, விவாதம் என்பதே இல்லை என்று பேசினார். மார்ச் 19 அன்று, போர் தொடங்கிய நாளில், ‘இன்று என் நாட்டுக்காக அழுகிறேன்’ என்று பேசினார். போர்ச் செலவுக்கான 8,700 கோடி டாலர் ஒதுக்கீடு அவ்வாண்டு அக்டோபரில் 87–12 என்று நிறைவேறியபோதும் எதிர்த்தார். பேச்சும் வாக்கும் இங்கே ஒன்றையொன்று விலகவே இல்லை. போரை அனுமதித்து வாக்களித்துவிட்டுப் பின்னர் அதைக் குறை கூறிய சக உறுப்பினர்களின் பதிவோடு ஒப்பிடும்போது இந்தப் பொருத்தத்தின் மதிப்பு விளங்கும். இராக்கில் பேரழிவு ஆயுதக் கையிருப்பு எதுவும் கிடைக்கவில்லை.

இறுதி ஆண்டுகள்

நிலக்கரியைப் பற்றியும் ஒரு சொல். பருவநிலை மாற்றம் குறித்த கியோட்டோ உடன்படிக்கைக்கு முன்னதாக, வளரும் நாடுகளைக் கட்டுப்படுத்தாத எந்த ஒப்பந்தத்திலும் அமெரிக்கா கையெழுத்திடக்கூடாது என்று அவரும் செனட்டர் சக் ஹேகலும் கொண்டுவந்த தீர்மானம் 1997 ஜூலையில் 95–0 என்று நிறைவேறியது. உலகப் பருவநிலைக் கொள்கையில் அமெரிக்காவை ஆண்டுக்கணக்கில் பின்னுக்கு இழுத்த வாக்கெடுப்பு அது. 2009 டிசம்பரில், நிலக்கரித் துறை அச்சத்தைப் பரப்புவதை விட்டுவிட்டு மாற்றத்தை எதிர்கொள்ள வேண்டும் என்று தம் மாநில மக்களுக்கு வெளிப்படையாக எழுதினார். சுரங்கக் குடியிருப்பில் வளர்ந்தவர் அதைச் சொன்னதற்குத் துணிவு வேண்டும்; பன்னிரண்டு ஆண்டுகள் தாமதமாக வந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

அதே மாதம் 21-ஆம் நாள் இரவு ஒரு மணிக்கு, பனிப்புயல் ஓய்ந்த வாஷிங்டனில், 92 வயதான அவர் சக்கர நாற்காலியில் அவைக்குக் கொண்டுவரப்பட்டார். ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் மீதான விவாதத்தை முடிக்கச் சரியாக 60 வாக்குகள் தேவை. கிடைத்தவை சரியாக 60. மூன்று நாட்கள் கழித்து நடந்த இறுதி வாக்கெடுப்பில், அவ்வாண்டு ஆகஸ்டில் இறந்துபோன எட்வர்ட் கென்னடியை நண்பர் என்று குறிப்பிட்டு, அவருக்காகவே இந்த வாக்கு என்று அறிவித்தார். அறுபது வாக்கு என்ற தடையை 1993-ல் விலக்க மறுத்தவர் அவரே என்பதையும், அந்தப் பதினாறு ஆண்டுகளில் காப்பீடு இன்றி இருந்த மக்களையும் சேர்த்தே அந்த இரவை மதிப்பிட வேண்டும்.

2010 மே மாதம் செனட்டின் விதிகள் குழுவின் முன் தோன்றி, பிலிபஸ்டரைத் தவறாகப் பயன்படுத்துவதைக் கண்டித்தபோதும், விவாத உரிமையைக் குறைக்கும் விதிமாற்றத்தை அவர் எதிர்த்தார். ஜூன் 28 அன்று இறந்தார். அவ்வாண்டு நவம்பரில் அந்த இடத்துக்கு ஜோ மான்சின் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2013-ல் உச்ச நீதிமன்றம் வாக்குரிமைச் சட்டத்தின் முக்கியப் பிரிவு ஒன்றை நீக்கிய பிறகு, அதை ஈடுசெய்யும் மசோதா 2022 ஜனவரி 19 அன்று செனட்டுக்கு வந்தது. விவாத முடிப்புக்குத் தேவையான 60 வாக்குகள் கிடைக்கவில்லை. அந்த ஒரு மசோதாவுக்காக மட்டும் விதியைத் தளர்த்தும் முயற்சியும் 48–52 என்று தோற்றது. அதை எதிர்த்த இரு ஜனநாயகக் கட்சி உறுப்பினர்களில் ஒருவர் மான்சின். பிலிபஸ்டரைக் காப்பதற்கு பேர்டின் பெயரையும் சொற்களையும் அவர் பலமுறை துணைக்கு அழைத்திருந்தார். பேர்ட் 1965-ல் எதிர்த்தும் 2006-ல் ஆதரித்தும் வாக்களித்த அதே சட்டத்துக்கு வலுவூட்ட வந்த மசோதா, அவர் கடைசிவரை காத்த விதியாலேயே அன்று நிறுத்தப்பட்டது.